உலகைச் சுற்றிய அன்னம்

இரண்டாமாண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவி

கல்லில் வடித்த சிற்பம் ஆயிரம் ஆண்டுகள் நிற்கிறது. ஓலையில் எழுதிய பாட்டு படியெடுக்கப் படியெடுக்க வாழ்கிறது. சுவரில் தீட்டிய ஓவியம் மங்கினாலும் அடையாளம் விட்டுச் செல்கிறது. ஆனால் நடனம்? ஆடுகின்ற கால் நின்ற அந்தக் கணமே அதுவும் முடிந்துவிடுகிறது. கண்டவர் நெஞ்சைத் தவிர அதற்கு வேறு இருப்பிடம் இல்லை. அப்படிக் காற்றில் கரைந்துபோகும் ஒரு கலையைக் கப்பலிலும் இரயிலிலும் சுமந்து சென்று, ஊர் ஊராக உலகத்துக்குக் காட்டிய ஒரு பெண்மணியின் வரலாற்றையே இங்கே எழுத முனைகிறேன். அவர்தாம் ருஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவா.

இயற்பியல் படிக்கும் மாணவிக்கு ருஷ்ய நடனக்காரியிடம் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். நம் கல்லூரி நூலகத்தில் வேறொரு புத்தகத்தைத் தேடியபோது, பழைய கலைக்களஞ்சியம் ஒன்றில் அவருடைய படம் கண்ணில் பட்டது. வெண்ணிறகு ஆடையில், இரு கைகளையும் சிறகுபோல் மடக்கித் தரையில் சரிந்திருந்தார். படத்தின் அடியில் இருந்த குறிப்பைப் படித்தேன். அவருடைய தாய் சலவைத் தொழிலாளி என்று அதில் இருந்தது. அந்த ஒரு வரியில் நின்றுவிட்டேன். என் அம்மா தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுபவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்த வரலாற்றை முழுவதும் தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

தாய் காட்டிய காட்சி

1881ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அன்னா பிறந்தார். குறைமாதக் குழந்தை; பிழைப்பதே அரிது என்று எண்ணினார்கள். தந்தையின் நிழலில் வளரும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. பிறர் துணிகளை வெளுத்துத் தாய் பிழைப்பு நடத்தினார். உடல் தேற வேண்டும் என்பதற்காகக் குழந்தையை நகருக்கு வெளியே லிகோவோ என்னும் சிற்றூரில் பாட்டியிடம் விட்டிருந்தார்கள்.

மகளுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும். தாய் அவளை மாரின்ஸ்கி அரங்கத்துக்கு அழைத்துச் சென்றார். அது மன்னர் குடும்பமும் பிரபுக்களும் வந்து அமரும் மாளிகை போன்ற அரங்கம். அங்கே அன்று ஆடப்பட்டது உறங்கும் அழகி என்னும் பாலே. சைக்கோவ்ஸ்கி இசையமைத்து, மரியுஸ் பெட்டிபா நடனம் அமைத்து, 1890இல் முதன்முதல் மேடையேறிய படைப்பு அது. பாலே என்பது நம் நாட்டிய நாடகம் போன்றது. ஆனால் பாட்டும் வசனமும் கிடையாது. வாத்திய இசைக்கு ஏற்பக் காலும் கையும் உடலுமே கதை சொல்லும். அந்த ஒரு மாலையில் அச்சிறுமி தன் வாழ்வை முடிவு செய்துவிட்டாள். நானும் ஒரு நாள் அந்த மேடையில் ஆடுவேன் என்று தாயிடம் உறுதியாகச் சொன்னாள்.

இந்த இடத்தை நான் அம்மாவிடம் சொன்னபோது அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தத் தாய் மேடையைப் பார்த்திருக்க மாட்டாள், பிள்ளையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள் என்றார். எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காத உரை இது.

விரல் நுனியில் நின்ற உடல்

அரசு நடனப் பள்ளியில் சேர அன்னா முதல் முறை சென்றபோது இடம் கிடைக்கவில்லை. வயது போதாது, உடல் மெலிவு என்று திருப்பி அனுப்பினார்கள். விடவில்லை. மீண்டும் சென்று 1891இல், பத்தாம் வயதில் சேர்ந்தார். தங்கும் இடமும் உணவும் படிப்பும் அரசு கொடுத்தது. ஏழை வீட்டுப் பெண் அந்த மேடையை எட்ட வேறு வழியே இருந்திருக்காது என்பதை அரசுக் கல்லூரியில் படிக்கும் நாம் எளிதில் உணரலாம்.

பள்ளியிலும் இன்னல் தீரவில்லை. அக்காலத்தில் பாலே ஆடுவோர் கட்டான, உறுதியான உடல் உடையவராய் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஒற்றைக் காலில் முப்பத்திரண்டு முறை சுழன்று காட்டிய இத்தாலிய நடனமணி பியெரீனா லெஞ்ஞானியைக் கண்டு நகரமே வியந்த காலம் அது. அன்னாவோ ஒடிந்து விழும் கொடிபோல் இருந்தார். உடன் பயின்றவர்கள் துடைப்பம் என்று பட்டப்பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். அவரும் மற்றவரைப்போல் வித்தைகள் பழக முயன்று உடலை வருத்திக்கொண்டார். அவருடைய ஆசிரியர் பாவெல் கெர்த் அதைத் தடுத்தார். வித்தை காட்டுவதை மற்றவர்க்கு விட்டுவிடு, உன் மென்மையே உன் செல்வம் என்ற பொருள்பட அறிவுறுத்தினார். குறை என்று ஊர் சொன்னதை நிறை என்று கண்டு சொல்ல ஓர் ஆசிரியர் போதும்!

பாலேயில் பெண்கள் கால்விரல் நுனியில் நின்று ஆடுவது உண்டு. இதில் நம் பாடமும் இருக்கிறது. அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தது. தரையில் பதியும் இரு பாதங்களின் பரப்பு ஏறத்தாழ 200 சதுர சென்டிமீட்டர் என்றும், காலணி நுனியின் பரப்பு 10 சதுர சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், ஒற்றைக் கால் நுனியில் நிற்கும்போது அழுத்தம் இருபது மடங்காகிறது. அம்மா இஸ்திரிப் பெட்டியின் மூக்கை மட்டும் அழுத்தி மடிப்பு எடுப்பதும் இதே விதியால்தான். அதோடு உடலின் ஈர்ப்பு மையம் அந்தச் சிறு பரப்புக்கு நேர் மேலே இருந்தாக வேண்டும். இம்மி விலகினாலும் விழ வேண்டியதுதான். அன்னாவின் பாதங்களோ வில்போல் மிக வளைந்தவை. பாரம் முழுவதும் பெருவிரலில் இறங்கியது. ஆகவே அவர் காலணியின் உட்புறம் கெட்டித் தோல் வைத்து, நுனியையும் தட்டையாக்கி இறுக்கிக்கொண்டார். சிலர் இதை ஏமாற்று வேலை என்றார்கள். இன்று பாலே ஆடும் பெண்கள் அணியும் கெட்டி நுனிக் காலணிக்கு அதுவே முன்னோடியாயிற்று.

அன்னம் பிறந்தது

1899இல் பள்ளிப் படிப்பு முடிந்தது. தாம் சிறுமியாய் அமர்ந்து பார்த்த அதே மாரின்ஸ்கி மேடையில் அன்னா நடனக்காரியானார். 1903இல் கிசெல் என்னும் பாலேயின் தலைவியாக ஆடினார். காதலனால் வஞ்சிக்கப்பட்டு உயிர்விடும் கிராமத்துப் பெண்ணின் கதை அது. மெலிந்த உடலும் ஏங்கும் கண்களும் அந்தப் பாத்திரத்துக்கென்றே அமைந்தவைபோல் இருந்தன. 1906இல் அரங்கின் முதல்நிலை நடனமணி என்னும் பட்டம் அவரைத் தேடி வந்தது.

பட்டத்துக்கு ஓராண்டு முன்பு நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். 1905இல் ருஷ்யாவெங்கும் தொழிலாளர் கிளர்ச்சி எழுந்தபோது மாரின்ஸ்கி நடனக் கலைஞர்களும் கூடிப் போராடினார்கள். தம் நிர்வாகிகளைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஊதிய உயர்வும் கேட்டார்கள். அவர்களுடைய பிரதிநிதிகளுள் ஒருவராக முன்நின்றார் அன்னா. மன்னர் கொடுத்த சோற்றில் வளர்ந்தவர்தாம். ஆயினும் உடன் உழைப்பவர் பக்கமே நின்றார்.

அப்போராட்டத்தில் உடன் நின்ற இன்னொருவர் மிகயீல் ஃபோக்கின். 1904ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நடனக்காரி இசடோரா டங்கன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்து, காலணியும் இறுக்கமான உடையும் இன்றி வெறுங்காலுடன் ஆடிக் காட்டியிருந்தார். நவீன நடனத்தின் தாய் என்று இன்று போற்றப்படுபவர் அவர். பழைய விதிகளை மட்டும் பற்றிக்கொண்டிருந்தால் போதாது என்ற எண்ணம் ஃபோக்கின் போன்ற இளைஞர்களிடம் அப்போது வலுப்பெற்றது. அந்த ஃபோக்கின்தான் பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸின் இசைக்கு அன்னாவுக்காக ஒரு சிறு நடனம் அமைத்துக் கொடுத்தார். சாகும் அன்னம் என்பது அதன் பெயர். சில நிமிடங்களே ஓடும் ஆட்டம். பெரும் தாவல் இல்லை, சுழற்சி இல்லை. விரல் நுனியில் சிற்றடிகள் நடுங்கி நடுங்கி நகர, கைகள் மட்டும் சிறகாய் எழுந்து எழுந்து தாழ, உயிருக்குப் போராடும் ஒரு பறவை மெல்ல மடிகிறது. அவ்வளவுதான். அந்தச் சில நிமிடங்களுக்காக உலகம் அவரை வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்னா என்ற பெயரே அன்னமாயிற்று என்று தமிழில் சொன்னால் அது வெறும் சொல்விளையாட்டு ஆகாது.

அரங்கம் விட்டு வீதிக்கு

1909இல் பாரிஸ் நகரில் தியாகிலெவ் நடத்திய ருஷ்ய பாலே விழாவின் சுவரொட்டியை அலங்கரித்தது அன்னாவின் உருவமே. 1910இல் நியூயார்க்கிலும் லண்டனிலும் ஆடினார். தியாகிலெவின் குழுவிலேயே இருந்திருந்தால் புதுமைக் கலையின் அரசியாகத் திகழ்ந்திருக்கலாம். ஆனால் ஸ்ட்ராவின்ஸ்கியின் புதிய இசை அவருக்குப் பிடிக்கவில்லை. நெருப்புப் பறவை என்னும் புகழ்பெற்ற பாலேயில் ஆடும் வாய்ப்பை அவர் ஏற்கவில்லை. அது தமரா கார்சாவினாவுக்குப் போயிற்று. பழைய, எளிய இசையையே கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தார் என்று விமரிசகர்கள் அவரைக் குறை கூறினார்கள். அது உண்மையும்கூட.

எனினும் அவர் தேர்ந்த வழிக்கு ஒரு பொருள் இருந்தது. 1912இல் லண்டன் நகரின் கோல்டர்ஸ் கிரீன் பகுதியில் ஐவி இல்லம் என்னும் வீட்டில் குடியேறினார். அதன் குளத்தில் அன்னங்கள் வளர்த்தார். 1913இல் மாரின்ஸ்கியை விட்டு விலகினார். 1914இல் முதல் உலகப் போர் மூண்ட பிறகு அவர் தாயகம் திரும்பவே இல்லை. சொந்தக் குழு ஒன்றை வைத்துக்கொண்டு, பாலே என்ற சொல்லையே கேட்டறியாத ஊர்களுக்கெல்லாம் சென்றார். நல்ல அரங்கம் இருந்தால் அங்கே ஆடினார்; இல்லையென்றால் கிடைத்த இடத்தில் ஆடினார். 1916இல் நியூயார்க்கின் ஹிப்போட்ரோம் என்னும் மாபெரும் கொட்டகையில், யானைகள் வித்தை காட்டும் அதே நிகழ்ச்சியில், சுருக்கப்பட்ட உறங்கும் அழகியை ஆடினார். எந்த பாலேயைச் சிறுமியாய்ப் பார்த்து வாழ்வை மாற்றிக்கொண்டாரோ அதே பாலே! மாளிகையில் பார்த்ததை மக்கள் கூட்டத்தின் நடுவே கொண்டுவந்து வைத்துவிட்டார்.

1917இல் தென்னமெரிக்காவின் பெரு நாட்டுத் தலைநகர் லீமாவில் அவர் ஆடியபோது கூட்டத்தில் ஓர் ஆங்கிலச் சிறுவன் அமர்ந்திருந்தான். அன்றிரவே நடனம்தான் தன் வாழ்வு என்று அவன் முடிவு செய்தான். பிற்காலத்தில் இங்கிலாந்தின் இராயல் பாலே குழுவுக்கு நடனங்கள் அமைத்துப் பெரும்புகழ் பெற்ற பிரெடரிக் ஆஷ்டன் அவனே. மாரின்ஸ்கி அரங்கில் ஒரு சிறுமிக்கு நேர்ந்தது லீமாவில் ஒரு சிறுவனுக்கும் நேர்ந்தது.

1919இல் மெக்சிகோ சென்றார். அங்கே உழைக்கும் மக்கள் திருவிழாக்களில் ஆடும் ஹராபே தப்பாத்தியோ என்னும் நடனம் உண்டு. அகன்ற தொப்பியைத் தரையில் இட்டு, அதைச் சுற்றி ஆணும் பெண்ணும் ஆடுவார்கள். அன்னா அதனைக் கற்றார். அந்நாட்டுப் பெண்களின் பூவேலைப் பாவாடையை உடுத்தி, விரல் நுனியிலேயே அதை ஆடினார். காளைப் போர் நடக்கும் திறந்தவெளி வட்டரங்கில் பல்லாயிரவர் கூடினார்கள். படித்தவர்கள் பாமரர் ஆட்டம் என்று ஒதுக்கியிருந்ததை உலகப் புகழ் பெற்ற ஒருத்தி விரும்பிக் கற்று ஆடியபோது, அம்மக்கள் தம் தொப்பிகளைக் கழற்றி மேடையை நோக்கி வீசி ஆரவாரித்தார்கள்.

பாரதம் வந்த அன்னம்

1922ஆம் ஆண்டு ஜப்பான் முதலிய கிழக்கு நாடுகளில் ஆடிவிட்டு இந்தியாவுக்கும் வந்தார். கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஆடினார். இந்நாட்டு நடனத்தைக் காண வேண்டும் என்ற பெரும் ஆவல் அவருக்கு இருந்தது. ஆனால் வழிப்போக்கர் காணும்படியாக அது எங்கும் கிடைக்கவில்லை. பரம்பரையாக ஆடிவந்த பெண்களை இழிவாகப் பேசி, அவர்கள் கலையையும் சேர்த்து ஒதுக்கிவைத்த காலம் அது.

1923இல் லண்டன் திரும்பியதும், அங்கே ஓவியம் பயின்றுகொண்டிருந்த ஓர் இந்திய இளைஞரைச் சந்தித்தார். அவர்தாம் உதயசங்கர். அவர் துணையுடன் இந்துத் திருமணம், கிருஷ்ணனும் ராதையும் என்னும் இரு நடனங்களை அமைத்தார். தாமே ராதையாகவும் உதயசங்கர் கிருஷ்ணராகவும் ஆடினார்கள். பாலே கற்றுக்கொள்ளும் எண்ணம் அந்த இளைஞருக்கு எழுந்தபோது, உம் நாட்டில் இருப்பதைத் தேடும் என்று வழிகாட்டினார். அந்தத் தேடலின் முடிவில் விளைந்த கல்பனா என்னும் நடனத் திரைப்படம், நம் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் உருவாகி 1948இல் வெளிவந்தது.

அன்னாவின் அடுத்த கீழ்த்திசைப் பயணத்தில் மற்றொன்று நிகழ்ந்தது. 1928இல் பம்பாயில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து மெய்ம்மறந்தவர்களுள் மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியும் ஒருவர். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் தோழியரானார்கள். அன்னாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் ருக்மிணி பாலே கற்றார். அவருக்கும் அன்னா சொன்ன அறிவுரை ஒன்றே: உம் மண்ணின் நடனத்தைத் தேடும். அந்த நடனத்தை ஏச்சுக்கும் பேச்சுக்கும் இடையே பரம்பரைக் கலைஞர்கள் அழியாமல் காத்து வைத்திருந்தார்கள். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று 1935இல் ருக்மிணி அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்ரா பிறந்தது. இன்று நம் கல்லூரி விழாவில் ஒரு மாணவி கூச்சமின்றிச் சலங்கை கட்டுகிறாள் என்றால், அதற்குப் பின்னால் உள்ள பல கைகளில் ஒரு சலவைத் தொழிலாளி மகளின் கையும் இருக்கிறது.

அணைந்த விளக்கு, நகர்ந்த ஒளி

பொருள் நிறைய ஈட்டினார். ஈட்டியதில் ருஷ்ய அகதிக் குழந்தைகளுக்காகப் பாரிஸ் அருகே ஓர் இல்லம் நடத்தினார். ஓய்வு மட்டும் அறியவில்லை. 1931 ஜனவரியில் மற்றொரு சுற்றுப்பயணத்தைத் தொடங்க நெதர்லாந்தின் ஹேக் நகருக்கு வந்தவரை நுரையீரல் உறை அழற்சி வீழ்த்தியது. அம்மாதம் 23ஆம் நாள் உயிர் பிரிந்தது. ஐம்பது வயது நிறைய மூன்று வாரமே இருந்தது.

அடுத்த சில நாட்களில் லண்டனில் நடந்த பாலே நிகழ்ச்சி ஒன்றில் வாத்தியக் குழுவினர் அன்னத்தின் இசையை வாசித்தார்கள். திரை உயர்ந்தது. மேடையில் யாரும் இல்லை. இருளில் ஒரு வட்ட ஒளி மட்டும் அவர் ஆடிச் சென்ற தடத்தில் மெல்ல நகர்ந்தது. அவையினர் எழுந்து நின்றார்கள்.

சாகும் அன்னத்தை அவர் ஆடிய ஊமைப்படம் ஒன்று இருக்கிறது. கைப்பேசியில் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். படம் நடுங்குகிறது, முகம் தெளிவில்லை. ஆயினும் அம்மா இரண்டாம் முறையும் போடச் சொன்னார்.

நண்பர்களே, என் கதையில் ஒரு சிறு பகுதியைச் சொல்லி முடிக்கிறேன். பள்ளியில் படித்தபோது ஆண்டு விழா நடனத்துக்கு என்னையும் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆடை வாடகைப் பணத்தை வீட்டில் கேட்க மனம் வரவில்லை. காலில் சுளுக்கு என்று பொய் சொல்லி விலகிக்கொண்டேன். நடனமெல்லாம் நமக்கு ஆகாது என்று அன்று முடிவு கட்டினேன். அம்மாவும் அப்படியே. இரண்டு ஆண்டுகளாகியும் அவர் நம் கல்லூரிக்குள் வந்ததில்லை. பெற்றோர் கூட்டம் என்றால், கரித்தூள் படிந்த கையோடு அங்கே எதற்கு என்பார்.

கலை யாருக்கு உரியது என்ற கேள்விக்கு அன்னா பாவ்லோவா தம் கால்களால் விடை சொல்லிச் சென்றார். கண்டவர் யாவர்க்கும் உரியது. ஆனால் காண்பதற்கு ஒருவர் அழைத்துச் செல்ல வேண்டும். அன்று அந்தத் தாய் மகளை அழைத்துச் சென்றார். இந்த ஆண்டு நம் கல்லூரி விழாவில் குழு நடனத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். அன்று மாலை வண்டிக்கு விடுமுறை. மகள் தாயை அழைத்து வருகிறாள். முன்வரிசையில் ஓர் இருக்கை வேண்டும்.